காய்ந்த பல்லின் நிறம்

வாயைத் திறந்தவுடன் நிறம் பார்த்துவிட வேண்டும். மற்ற வேலையெல்லாம் அதற்குப் பிறகுதான். பல் செய்யும் தொழிலில் இது அரிச்சுவடி. இந்த அரிச்சுவடியை மறந்த மருத்துவர் எவரேனும், பல்லைத் தேய்த்து, பஞ்சு வைத்து, நெடுநேரம் காயப்போட்டபின் நிறம் குறித்து அனுப்பினால், அந்த வேலையை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார், மருத்துவர்களுக்குப் பட்டறையில் பல் செய்து கொடுக்கும் அவர். அதோடு விடவும் மாட்டார். தொலைபேசியில் அழைத்துப் பாடமும் நடத்துவார். அதனால் மருத்துவர்கள் அவருக்குச் ‘சட்டாம்பிள்ளை’ என்று பெயர் வைத்தார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அவருக்கும் அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது.

அப்பேர்ப்பட்ட சட்டாம்பிள்ளை, சொந்தத் தங்கையின் முன்பல்லில் கோட்டை விட்டார்.

தங்கைக்கு வீட்டில் வாயாடி என்றே பெயர். மழலையர் பள்ளியில் ஆசிரியை. காலையில் கண் விழிப்பதற்கு முன்பே வாய் விழித்துக்கொள்ளும் என்று அப்பா கேலி செய்வார். அவள் பேச்சுக்கு நடுவில் மூச்சு விடுகிறாளா இல்லையா என்று ஒருநாள் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதும் அவர் அடிக்கடி சொல்வதுதான். அம்மா போனபின் அந்த வீடு வீடாக இருந்ததே அந்த வாயால்தான் என்பதை அண்ணனும் அறிவார், அப்பாவும் அறிவார். ஆனால் இருவரும் அதைச் சொன்னதில்லை.

ஒரு காலையில், பள்ளியில் இறக்கிவிடுவதற்காக அவளை ஸ்கூட்டரின் பின்னால் ஏற்றிச் சென்றார் சட்டாம்பிள்ளை. பள்ளிக்கு முந்தைய தெருமுனையில் ஒரு வேகத்தடை. வண்டி அதில் ஏறித் துள்ளியது, அப்படியே சாய்ந்தது. அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவளுக்கு மேல்வரிசை முன்பல் பாதியோடு போயிற்று. கூட்டம் கூடி, எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டது. “நாய் குறுக்க வந்துடுச்சு” என்றார் அவர்.

நாய் வரவில்லை. எந்த நாயும் வரவில்லை. ஏதோ ஒரு மருத்துவமனையிலிருந்து, யாரோ ஒரு பெண்ணின் பல்லைப் படமெடுத்து, இந்த நிறம் சரியா என்று கேட்டு அனுப்பியிருந்தார்கள். கைப்பேசி சட்டைப்பையில் அதிர்ந்தது. ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அதை எடுத்துப் பார்த்தார். பெற்ற தகப்பன் நம்பி அனுப்பிய ஓர் உயிரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஒற்றைக் கையால் வண்டி ஓட்டுகிறவனை என்னவென்று சொல்வது? வேறு எவனாவது அப்படிச் செய்திருந்தால், நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி நாலு வார்த்தை கேட்டிருப்பார் சட்டாம்பிள்ளை. செய்தவர் தாமே என்றானபோது, நாயைப் படைத்தார்.

படைத்தால் அதற்கு நிறம் வேண்டுமல்லவா? வீட்டில் அப்பா, “என்ன நாயி? பூட்டுக்கடை நாயா? செவலையா?” என்று கேட்டார். சட்டாம்பிள்ளை வாயைத் திறக்கவில்லை. ஆமென்று தலையை மட்டும் ஆட்டினார். சொல்லாத பொய் பாதிப் பொய்தான் என்று அப்போது தோன்றியது.

பூட்டுக்கடைச் செவலையோ, வெயில் நகர நகர நிழலோடு தானும் நகர்ந்து படுப்பதைத் தவிர வேறு உடற்பயிற்சி அறியாதது. அது வண்டிக்குக் குறுக்கே ஓடியது என்றால், அந்தத் தெருவே சிரித்திருக்க வேண்டும். ஆனால் சொன்னவர் சட்டாம்பிள்ளை. அப்பா பூட்டுக்கடைக்குப் போய் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்துவிட்டு வந்தார். அன்று மாலையே பூட்டுக்காரர் ஒரு பை பழத்தோடு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

“தம்பி பொய் சொல்ல மாட்டாருங்க, ஐயா. இனிமே கட்டிப் போட்டுடறேன்” என்றார்.

மறுநாள் முதல் கடை வாசலில் சங்கிலி கிடந்தது. சங்கிலியின் முனையில் நாய் கிடந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். சட்டாம்பிள்ளை அந்தத் தெருவை விட்டுச் சுற்றுவழியில் போகத் தொடங்கினார்.

வாயாடி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. உதடு வீங்கியிருந்தது, பேசினால் வலித்தது. அவளை அவர் ஏற்றிச் சென்றபோது அவள் ஒருபக்கமாக உட்கார்ந்து சாலையோரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது அவருக்கு நினைவிருந்தது. ஆகவே அவளுக்கும் தெரியாது என்று முடிவு கட்டிக்கொண்டார். முடிவு கட்டியபின்னும் அவள் முகத்தை நேராகப் பார்க்க இயலவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தான் செய்யும்.

வீக்கம் வடிந்ததும் பல் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். உடைந்த பல்லை அடிக்கட்டையாகச் செதுக்கி, அதன்மேல் பீங்கானில் ஒரு கேப் செய்து மாட்ட வேண்டும். மாட்டுவது டாக்டரம்மாவின் வேலை. செய்வது அண்ணனின் வேலை. உலகத்திலேயே சிறந்த பல்லை அவளுக்குச் செய்து கொடுத்துவிட்டால், கணக்கு நேராகிவிடும் என்று அவர் தமக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா, உதடுகளை விலக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் வளையத்தை மாட்டினார். எச்சில் உறிஞ்சும் குழாயை ஓரத்தில் தொங்கவிட்டார். பிறகு, சட்டாம்பிள்ளையின் சட்டப்படியே முதலில் நிறத்தைப் பார்த்துவிடச் சொன்னார். சொன்ன கையோடு, விழுந்தது எப்படி என்றும் கேட்டார்.

அவர் நிறத்தை விட்டார், கதையைப் பிடித்தார். நீங்கள் ஆரம்பியுங்கள் டாக்டரம்மா, நிறத்தை அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுத் தொடங்கினார். நாய் அம்புபோல் வந்தது. தாம் பிரேக்கை அழுத்தாமல் விட்டிருந்தால் அது அந்த இடத்திலேயே செத்திருக்கும். ஓர் உயிரைக் காப்பாற்றப் போய்த்தான் இந்தக் கதியாயிற்று. சொல்லச் சொல்ல, தெருவில் ஒரு வரியாகப் பிறந்த பொய் அங்கே காப்பியமாக வளர்ந்தது. வாயில்லா ஜீவனைக் காத்த பெருமையை, வாயைத் திறந்து வைத்தும் ஒரு சொல் பேச முடியாத ஒருத்தியின் தலைமாட்டில் நின்று அளந்துகொண்டிருந்தார் மனிதர்! மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த அவளுடைய கண்கள் ஒருமுறை திரும்பி அவரைப் பார்த்தன. விளக்கு கூசுகிறது போலும் என்று எண்ணி, விளக்கைச் சற்றே தள்ளிவைத்தார்.

செதுக்கும் வேலை முடிந்தபோதுதான் கதையும் முடிந்தது. அதன்பின், சின்னச் சின்னப் பீங்கான் பற்கள் வரிசையாகக் குத்திய நிறப்பட்டையை எடுத்துப் பக்கத்துப் பல்லோடு வைத்துப் பார்த்தார். வெளுப்பில் இரண்டாவது நிறம் பொருந்தியது. நம் தங்கைக்கு இவ்வளவு வெள்ளைப் பல்லா என்று ஒரு கணம் வியந்தார். பிறகு மகிழ்ந்தார்.

அந்தக் கேப்பைப் போல் அவர் தம் வாழ்நாளில் எதையும் செய்ததில்லை. பீங்கான் பொடியை நீரில் குழைத்து, தூரிகையால் படலம் படலமாக ஏற்றி, உலையில் சுட்டு, உரசி, மறுபடியும் ஏற்றிச் சுட்டார். மாட்டும் நாளில் டாக்டரம்மா பஞ்சு அடைத்து, காற்றடித்து, ஈரமே இல்லாமல் செய்து, நிதானமாக ஒட்டினார். ஒட்டி முடித்துப் பார்த்தால், எது சொந்தம், எது செய்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. டாக்டரம்மா கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டார். சட்டாம்பிள்ளை அன்றிரவு நன்றாகத் தூங்கினார்.

மறுநாள் பள்ளி மைதானத்தில் ஒரு சிறுமி வாயாடியை அண்ணாந்து பார்த்து, “மிஸ், உங்க ஒரு பல்லு மட்டும் பேப்பர்ல செஞ்சதா?” என்று கேட்டாளாம். இதை அவள் வீட்டில் வந்து சொல்லவில்லை. உடன் வேலை பார்ப்பவள் அப்பாவிடம் சொன்னாள். வாயாடி சொன்னதெல்லாம் கையால்தான். பேசும்போது கை வாய்க்குப் போயிற்று. சிரிப்பு வரும்போதும் போயிற்று. பிறகு, கையைத் தூக்கும் சிரமம் எதற்கென்று பேச்சையும் சிரிப்பையும் சேர்த்தே விட்டுவிட்டாள். பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். இங்கே பல் வந்தபின் சொல் போயிற்று.

“சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி இருக்கேடா. இதுக்கா இத்தனை அமர்க்களம்?” என்றார் அப்பா.

சட்டாம்பிள்ளை அவளைத் தம் பட்டறைக்கு அழைத்துப்போய் ஜன்னலோரம் உட்காரவைத்தார். முதலில் அவர் ஐயப்பட்டது விளக்கை. குழல்விளக்கில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு பொருள்கள் வெயிலில் வேறுவேறாகத் தெரிவதுண்டு. வெயிலிலும் குழல்விளக்கிலும் நிறங்கள் ஒரே அளவில் கலந்திருப்பதில்லை. ஆகவே குழல்விளக்கில் பார்த்தார், மஞ்சள் குமிழில் பார்த்தார், கைவிளக்கில் பார்த்தார், வெளியே நிறுத்தி வெயிலில் பார்த்தார். எல்லா வெளிச்சத்திலும் அந்தப் பல் தனியாக வெளுத்துத்தான் நின்றது. விளக்கு குற்றவாளியன்று. அடுத்துப் பொடியை ஐயப்பட்டார். அதே புட்டியிலிருந்து செய்த வேறொரு பல் சரியாக இருந்தது. உலையை ஐயப்பட்டார். உலையும் உத்தமம். ஒவ்வொன்றும் விடுதலையாகும்போது அவருக்கு மகிழ்ச்சி வரவில்லை, ஏமாற்றமே வந்தது. இங்கேயும் அவர் ஒரு நாயைத் தேடிக்கொண்டிருந்தார்.

அவள் அலுத்துப்போய் எழுந்து போய்விட்டாள். அவர் வேறு வேலையை எடுத்தார். பொடியைக் குழைத்து ஓர் அச்சின்மேல் தடவினார். ஈரமாக இருக்கும்வரை அது சாம்பல் கலந்து, ஊடே ஒளி புகுவதுபோல் இருந்தது. மெல்லிய தாளால் ஈரத்தை ஒற்றினார். கண்ணெதிரே பால்போல் வெளுத்தது.

நாள்தோறும் காணும் காட்சிதான். அன்று தூரிகை கையிலேயே நின்றுவிட்டது.

பல்லின் மேற்பூச்சு ஒரே பாளமன்று. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கோல்கள் நெருங்கி நிற்க, அவற்றின் இடுக்குகளில் ஈரம் நிறைந்திருக்கிறது. பல்லுக்கும் நீருக்கும் ஒளியை வளைக்கும் தன்மையில் வேற்றுமை குறைவு. ஆகவே ஒளி பெரிதும் தடையின்றி உள்ளே போகிறது. உள்ளிருக்கும் மஞ்சளைத் தொட்டுக்கொண்டு திரும்புகிறது. ஈரம் போய் இடுக்குகளில் காற்று புகுந்தால் வேற்றுமை பெரிதாகிவிடுகிறது. ஒவ்வோர் எல்லையிலும் ஒளி மோதித் தெறிக்கிறது. உள்ளே போகாமல், எல்லா நிறங்களும் ஒன்றாகக் கலந்தபடி வெளியே வந்துவிடுகிறது. எல்லா நிறமும் சேர்ந்து வந்தால் கண்ணுக்கு அது வெள்ளை. நுரை வெள்ளையாக இருப்பதும், மேகம் வெள்ளையாக இருப்பதும், காய்ந்த மணல் ஈரமணலைவிட வெளுத்திருப்பதும் இதே கணக்குத்தான். அவற்றில் யாரும் வெள்ளைச் சாயம் கலப்பதில்லை.

வாயை நெடுநேரம் திறந்து வைத்தால் பல் காய்கிறது, காய்ந்தால் வெளுக்கிறது. மாட்டிய நாளில் பொருந்தியதும் அதனால்தான்: அன்றும் டாக்டரம்மா மற்ற பற்களைக் காயவைத்திருந்தார். இரவில் அவை ஈரத்தைக் குடித்துத் தம் நிறத்துக்குத் திரும்பின, பீங்கான் திரும்பவில்லை. அதற்குத் திரும்ப வழியில்லை.

நிறம் பார்ப்பதில் அந்தத் தாமதம் எதனால் நேர்ந்தது என்று அவரை யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர் பொய் சொல்லி முடித்த நேரத்தில் அவளுடைய பற்கள் எந்த நிறத்தில் இருந்தனவோ, அந்த நிறத்தை அணுவளவும் பிசகாமல் செய்து, அவள் முகத்தின் நடுவில் பதித்துவிட்டிருந்தார். அவள் வாயைத் திறந்தால் ஊருக்குத் தெரிவது அதுதான்.

டாக்டரம்மாவை அழைத்து, அந்தக் கேப்பை அறுத்தெடுத்து வேறு போட வேண்டும் என்றார். தவறு என்னுடையது, நிறத்தைக் கடைசியில் பார்த்துவிட்டேன் என்றும் சொன்னார். எங்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிற நீங்களா என்று டாக்டரம்மா சிரித்தார். பிறகு, ஆமாம், அந்த நாய்க் கதை நல்ல நீளம் என்று நினைவுகூர்ந்தார். சட்டாம்பிள்ளைக்குக் காது சுட்டது.

மறுபடியும் அதே நாற்காலி. இம்முறை வளையம் மாட்டுவதற்கு முன்பே, பற்களை நாவால் ஒருமுறை நனைத்துக்கொள்ளச் சொல்லி, நிறப்பட்டையை வைத்து, ஒரு கணத்தில் பார்த்து முடித்தார். மூன்று படி மங்கிய நிறம். அவளுடைய உண்மையான நிறம் அதுதான். சிறுவயதிலிருந்து அவர் பார்த்துப் பழகிய நிறம். டாக்டரம்மா ஊசி மருந்தை எடுக்க அடுத்த அறைக்குப் போனார்.

“வாயை மூடிக்கோ” என்றார் அவர். “நான் ஒண்ணு சொல்லணும். நீ பதில் சொல்ற மாதிரி இருக்கறப்பவே சொல்லணும்.”

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

“அன்னைக்கு நாய் எதுவும் வரல.”

“தெரியும்.”



“தெரியுமா?”

“பின்னாடி உக்காந்திருந்தவ நான்தானே? உன் தோளுக்கு மேல எட்டிப் பார்த்தேன். யாரோ ஒருத்தி பல்லைப் பெருசு பண்ணிப் பார்த்துக்கிட்டிருந்த. நல்ல பல்லு. அதைப் பார்க்கப் போயி என் பல்லு போச்சு.”

“அப்புறம் ஏன் நீ ஒண்ணுமே சொல்லல?”

“எங்க சொல்றது?” என்றாள் அவள். “தெருவுல வாயெல்லாம் ரத்தம். வீட்டுல உதடு வீங்கிக் கெடந்தேன். இங்க வந்தா, என் வாயைப் பொளந்து வச்சுட்டு நீ சொல்லிக்கிட்டே இருந்த. உயிரைக் காப்பாத்தினேன்னியே, அப்ப ஒரு பார்வை பார்த்தேன். நீ என்னடான்னா லைட்டைத் திருப்பற.”



“வாய் சரியானதுக்கு அப்புறமாவது...”

“அப்புறம் நீயே சொல்லுவேன்னு பார்த்தேன். ஒவ்வொரு நாளும் பார்த்தேன், அண்ணா.”

தவறு தவறுதான், மன்னித்துவிடு என்று அவர் தொடங்கியபோது அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். “என்கிட்டச் சொன்னது சேர்த்தி இல்ல. எனக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே. தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லு. முதல்ல பூட்டுக்கடை. அப்புறம் அப்பா.”

டாக்டரம்மா கேப்பை அறுத்தெடுத்து, புதியது வரும்வரை தற்காலிகமாகப் பிளாஸ்டிக்கில் ஒன்றை மாட்டி அனுப்பினார். அது மஞ்சளாகவும் மொத்தையாகவும் இருந்தது. பார்த்தவுடன் தெரியும்.

மாலையில், அவளுடைய மரத்துப்போன உதடு தெளிந்தபின், இருவரும் பூட்டுக்கடைக்கு நடந்தார்கள். அவர் பல நாளாக மிதிக்காத தெரு. சாவி அராவிக்கொண்டிருந்த பூட்டுக்காரர் எழுந்து முக்காலியைத் துடைத்துப் போட்டார். வாடிக்கையாளர் ஒருவர் சாவிக்காகக் காத்து நின்றார். அவர் போகட்டும் என்று எண்ணிச் சட்டாம்பிள்ளை தயங்கினார். தங்கை அவர் முதுகில் ஒரு விரலால் குத்தினாள். அவர் சொன்னார். நாய் வரவில்லை, கைப்பேசியைப் பார்த்து ஓட்டினேன், வேகத்தடையில் விழுந்தேன் என்று மூன்றே வாக்கியங்களில் சொன்னார். டாக்டரம்மாவிடம் காப்பியம் பாடிய வாய்க்கு அன்று அவ்வளவுதான் வந்தது.

பூட்டுக்காரர் அரத்தைக் கீழே வைத்தார். கோபிக்கவில்லை. சங்கிலியின் முனையில் படுத்திருந்த நாயைப் பார்த்தார்.

“அன்னைக்கு அதை அடிச்சேன் தம்பி” என்றார். “நீங்க சொன்னீங்கன்னு.”

வருத்தம் என்று சொன்னால் அது சிறியது. மன்னிப்பு என்றால் கேட்பதற்கே உரிமை வேண்டும். அடிபட்ட நாய்க்கோ மொழியே இல்லை. அவர் கைகளைத் தொங்கவிட்டு நின்றார். முகம் எங்கே இருக்கிறது, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

அப்போது வாயாடி முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“இருங்க, இவன் சொன்னது பத்தாது. நான் சொல்றேன்” என்று ஆரம்பித்தாள். வீட்டை விட்டுக் கிளம்பும்போதே வண்டி இரண்டு முறை உதைத்தும் கிளம்பாததிலிருந்து தொடங்கினாள். கைப்பேசி அதிர்ந்ததும் அண்ணனின் தோள் எப்படிச் சாய்ந்தது, படத்திலிருந்த பல் எப்படியிருந்தது, வேகத்தடை வருகிறது என்று தான் கத்தியது, அதற்கு அவர் ‘ம்ம், இரு’ என்றது — கத்தியதை அவர் மறந்தே போயிருந்தார் — தரையில் கிடந்த பாதிப் பல்லைத் தானே தேடி எடுத்தது, டாக்டரம்மாவின் அறையில் நாய் அம்புபோல் ஓடியது எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள். அவரைப் போலவே நின்று, அவரைப் போலவே கையை ஆட்டி, ‘ஒரு உயிரைக் காப்பாத்தப் போயி’ என்று நடித்துக் காட்டினாள். அந்த மஞ்சள் மொத்தைப் பல் முழுவதும் வெளியே தெரிந்தது. கை ஒருமுறைகூட வாய்க்குப் போகவில்லை.

ஓரிடத்தில், கைப்பேசி இடக்கையில் இருந்தது, வலக்கையில் இல்லை என்று திருத்துவதற்காக அவர் வாயைத் திறந்தார்.

“நீ சும்மா இரு” என்றாள், திரும்பிப் பாராமலே.

அவர் சும்மா இருந்தார்.

கதை முடிந்தபோது பூட்டுக்காரர் மோவாயைத் தடவிக்கொண்டார். சாவிக்காக நின்றவர், தாம் தொடக்கத்தைச் சரியாகக் கேட்கவில்லை என்றும், மறுபடி சொன்னால் நன்றாக இருக்கும் என்றும் கேட்டுக்கொண்டார்.

அவள் அண்ணனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, வண்டி கிளம்பாததிலிருந்து மறுபடியும் தொடங்கினாள்.